ஏறும்போதா, இறங்கும்போதா

அந்தத் தெருவில் அவளைப் பல்லம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கேட்டால் ஏதோ கிழவிக்கு வைத்த பெயர் மாதிரி இருக்கும். ஆனால் ஆளுக்கு இப்போதுதான் நாற்பது. பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்குக்குப் பின்னால், ஒற்றை ஜன்னல் வைத்த அறையில் உட்கார்ந்து பல் செட் செய்வது அவள் வேலை. மெழுகும் அச்செடுக்கிற மாவும் சின்ன அரமுமாக நாள் ஓடிவிடும். மேசை மேல் வரிசையாகக் கிடக்கும் வாய்கள் எதுவும் அவளோடு பேசாது.

அவள் புருஷனுக்குத் தெருவில் கப்பல்காரர் என்று பெயர். சரக்குக் கப்பலில் செகண்ட் எஞ்சினியர். வருஷத்தில் பாதிக்கு மேல் தண்ணீரில் இருப்பார், மிச்சம் வீட்டில். வீட்டில் இருக்கிற நாட்களிலும் பாதி நேரம் காருக்கு அடியில்தான். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்களைப் பார்த்துத்தான் அவள் பல சமயம் டீ வேண்டுமா என்று கேட்பாள். கட்டை விரல் ஆடினால் வேண்டும் என்று அர்த்தம்.

அது இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். ஒரு காலத்தில் சிவப்பு. கல்யாணத்துக்கு முன்பே அவர் வாங்கியது என்பதால் நாத்தனார் அதற்கு மூத்தாள் என்று பெயர் வைத்திருந்தாள். "என்ன அண்ணி, மூத்தாள் எப்படி இருக்கா?" என்று கேட்டபடிதான் வீட்டுக்குள்ளேயே நுழைவாள். இரண்டு தெரு தள்ளி இருந்தாள். தையல் கடை வைத்திருந்தாள். வாய் ஓயாதவள்.

ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் அவர் அதையேதான் சொல்லுவார். "வாரத்துக்கு ஒரு தடவையாவது எடுத்து ஓட்டும்மா. நின்னா கெட்டுடும்."

"நானும் இங்கேயேதான் நிக்கிறேன்" என்று ஒரு தடவை அவள் சொன்னாள். அவர் சிரித்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார்.

பிள்ளை இல்லை. அதைப் பற்றிய அழுகையும் ஆறுதலும் எப்போதோ ஓய்ந்துபோயிருந்தன. கப்பலில் இருந்து அவர் கூப்பிடுவார். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். உடம்பு எப்படி இருக்கு, இருக்கு. அங்கே மழையா, இல்லை வெயில். சரி வெச்சிடறேன். உப்புச் சப்பில்லாத பேச்சு. போனை வைத்த பிறகு அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். சொல்ல நினைத்தது ஒன்றைக்கூடச் சொல்லியிருக்கமாட்டாள். இத்தனை வருஷம் கழித்து ஒரு புருஷனிடம் போய், நீங்க இல்லாம ராப்பகல் தெரியல என்று சொல்வதற்குக் கூச்சமாக இருந்தது. அவருக்கும் வேலை தலைக்கு மேல். சொல்லி என்ன ஆகப்போகிறது?

அப்படி இருக்கும்போதுதான் காரின் பின்பக்கத்தில் சத்தம் வந்தது.

கிளினிக் இருக்கும் தெரு முனையில் ஒரு ஸ்பீட் பிரேக்கர் உண்டு. ஒருநாள் காலையில் அதைத் தாண்டும்போது பின்னால் டொக் என்று ஒரு சத்தம். யாரோ கதவைத் தட்டின மாதிரி. அன்று சாயங்காலம் அவர் கூப்பிட்டபோது, வேறு பேச்சு இல்லாததால், அதைச் சொன்னாள்.

"டொக்குன்னா? ஏறும்போதா, இறங்கும்போதா?" அவர் குரலே மாறிவிட்டது.

"இறங்கும்போதுன்னு நினைக்கிறேன்."

"நினைக்காத, கேளு. ரெண்டு சக்கரமும் ஒண்ணா இறங்கினா வருதா, ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்துல விழுந்தா வருதா? பிரேக்ல கால் வெச்சா நிக்குதா? ஒரு தடவையா, ரெண்டு தடவையா?"

அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் ஒவ்வொரு பள்ளமாகத் தேடித் தேடி விட்டாள். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோனான். அன்று சாயங்காலம் போன் வருவதற்கு முன்பே அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு சக்கரம் மட்டும் விழுந்தாத்தான் ஜாஸ்தி. ரெண்டும் சேர்ந்து இறங்கினா லேசாத்தான் கேக்குது."

"அப்படிச் சொல்லு! முதல்ல டிக்கியைக் காலி பண்ணு. ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர் ஒண்ணு விடாம எடுத்துட்டு ஓட்டிப் பாரு. பாதிப் பேரு ஸ்டெப்னி ஆடுறதுக்குப் போயி ஷாக் அப்சார்பரை மாத்திட்டு வந்து நிப்பான்."

டிக்கியைக் காலி செய்தாள். ஸ்டெப்னி, ஜாக்கி, குடை, போன வருஷம் தொலைத்த ஒற்றைச் செருப்பு எல்லாம் வெளியே வந்தன. சத்தம் மட்டும் போகவில்லை. சைலன்சர் குழாயைக் கையால் ஆட்டிப் பார்த்தாள். அதுவும் இல்லை. பின் மூலையில் உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, வண்டி எத்தனை ஆட்டம் ஆடி நிற்கிறது என்று பார்த்தாள். எதிர்வீட்டுக்காரர் மாடியில் இருந்து, "பல்லம்மா, உடற்பயிற்சியா?" என்றார்.

எந்தப் பக்கம் என்று தெரியவேண்டும் என்றார் கப்பல்காரர். அதற்கு இன்னொரு காது வேண்டும். நாத்தனாரைக் கூப்பிட்டாள். சீட்டுகளுக்குப் பின்னால் ஒரு பெட்டி வைக்கிற அளவுக்குத்தான் இடம். நாத்தனாரோ நல்ல உடம்புக்காரி. மடங்கிச் சுருண்டு காதைத் தரையோடு வைத்துக்கொண்டு கத்தினாள். "அண்ணி, மெதுவா! எங்க அண்ணன் உன்னைத்தான் கட்டினாரு, என்னை ஏன் சாகடிக்கிற?" இரண்டு தெரு சுற்றியபின் அவளே சொன்னாள்: "இடது பக்கம். என் காதுக்கு நேர் கீழே. சத்தியம்."

அந்த வாரங்களில் பேசின மாதிரி அவள் எப்போதும் பேசினதே இல்லை. அவர் கேட்பார், இவள் சொல்லுவாள். இவள் ஒரு சத்தத்தை வாயால் செய்துகாட்டுவாள். "டொக் இல்லங்க, டுக். உள்ளுக்குள்ள ரப்பர் இருக்கிற மாதிரி." அவர் அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரிப்பார். சில நாள் சத்தத்தில் ஆரம்பித்து வேறெங்கோ போய்விடும். கப்பலில் சமையல்காரன் கோபித்துக்கொண்டதையும், எஞ்சின் அறையில் வேர்வை கண்ணில் இறங்குவதையும், கரையே தெரியாத நாட்களில் மனசு என்னமோ செய்யும் என்பதையும் அவர் சொன்னார். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு சொன்னதில்லை. போனை வைத்த பிறகும் அவள் முகத்தில் சிரிப்பு மிச்சம் இருக்கும். மறுநாள் கிளினிக்கில் டாக்டர், "என்னம்மா, பாட்டெல்லாம் பாடறீங்க?" என்று கேட்டார்.

வண்டியைப் பட்டை மெக்கானிக்கிடம் விட்டாள். இடுப்பு வலிக்காக எந்நேரமும் அகலமாக ஒரு பட்டை கட்டியிருப்பார், அதனால் அந்தப் பெயர். குனிய முடியாது, படுக்கவும் முடியாது. வண்டிக்கு அடியில் வேறு யாராவதுதான் போகவேண்டும். "தங்கச்சி, நீயே போயேன். கண்ணு இருக்கு, கை இருக்கு, நான் மேல இருந்து சொல்றேன்" என்றார். அவள் துணியை இழுத்துச் செருகிக்கொண்டு அடியில் போனாள். பட்டை ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டிருந்தார். ஒரு கம்பியை நுழைத்து எல்லாவற்றையும் நெம்பிப் பார்த்தாள். எதுவும் ஆடவில்லை.

அன்று சாயங்காலம் கப்பல்காரர் அதைக் கேட்டுவிட்டு, "ஒரு பக்கம் தூக்கினா எப்படி ஆடும்? ரெண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கிற குறுக்குக் கம்பி ஒண்ணு இருக்கில்ல, அது முறுக்கிக்கிட்டு நிக்கும், அதைச் சக்கரத்தோட சேர்க்கிற லிங்க் ராடை இறுக்கிப் பிடிச்சுக்கும். ரெண்டு பக்கமும் ஒண்ணாத் தூக்கச் சொல்லு" என்றார். தூக்கினார்கள். இடது பக்கத்து லிங்க் ராடு அவள் விரலுக்கே ஆடிற்று. அதன் உருண்டை மூட்டு, தளர்ந்த பல் செட் மாதிரி உள்ளுக்குள் கடக்கென்றது. இரண்டு லிங்க்கையும் கழற்றிவிட்டு மெதுவாக ஒரு சுற்று ஓட்டினாள். பெரிய சத்தம் போயிருந்தது. புதுசு மாட்டினார்கள். ஆனால் அதற்கும் அடியில் மந்தமாக இன்னொரு சத்தம் மிஞ்சியிருந்தது.

அது கேட்டபோது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏன் சந்தோஷம் என்று அவளே தன்னை அப்போது கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாவது சத்தத்துக்குக் காரணம், சக்கரத்தைத் தாங்குகிற கீழ்க் கை என்ற இரும்புத் தண்டில் இருந்த ரப்பர் புஷ். பழசாகி வெடித்துக் கிழிந்திருந்தது. "புதுசு போடும்போது ஒண்ணு ஞாபகம் வெச்சுக்க" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். "சக்கரம் தொங்கிக்கிட்டு இருக்கும்போது போல்ட்டை முறுக்கிடாத. வண்டியைத் தரையில இறக்கி, அதோட எடை அது மேலயே உக்காந்த அப்புறம் முறுக்கு. இல்லன்னா ரப்பர் எந்நேரமும் திருகிக்கிட்டே நிக்கும். சீக்கிரம் கிழிஞ்சிடும்." அப்படியே செய்தாள். பட்டை மேலே நின்று சொல்ல, கடைசி முறுக்கையும் அவளே போட்டாள்.

ஓட்டிப் பார்த்தாள். தெரு முனை ஸ்பீட் பிரேக்கர், பள்ளிக்கூடத்துப் பள்ளம், தண்டவாளம் எல்லாவற்றிலும் ஏற்றி இறக்கினாள். கார் மூச்சுகூட விடவில்லை.

சாயங்காலம் போன் வந்தது. "என்ன ஆச்சு? போச்சா?" என்றார். குரலில் அவ்வளவு ஆவல். போச்சுங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் இனி வரப்போகிற சாயங்காலங்களெல்லாம் வரிசையாக முன்னால் வந்து நின்றன. சாப்பிட்டியா. சாப்பிட்டேன். சரி வெச்சிடறேன்.

"இல்லங்க. இன்னும் இருக்கு" என்றாள்.

பொய் ஒன்று சொன்னால் அதற்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். இப்போது திரும்பும்போது வருகிறது என்றாள். அடுத்த தடவை, வேகத்தைக் குறைத்தால் வருகிறது என்றாள். ஒருநாள் வலது பக்கம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அவர் குழம்பிப்போனார். "இதுவும் அதுவும் ஒத்துப்போகலையே" என்று முனகினார். பட்டையைத் திட்டினார். "அந்த ஆளுக்கு வேலை தெரியுமா, தெரியாதா? பட்டையைக் கட்டிக்கிட்டு சும்மா நிக்கிறானா?"

நாத்தனாருக்கு மட்டும் விஷயம் தெரிந்துவிட்டது. காரில் ஏறி உட்கார்ந்து தெருக்கோடி வரை போனவள் திரும்பிப் பார்த்தாள். "என்ன அண்ணி, மூத்தாள் வாயே திறக்கல? நேத்துதானே அண்ணன் எனக்குப் போன் பண்ணி சத்தம் நிக்கலன்னு புலம்பினாரு?"

அவள் முகம் சொல்லிவிட்டது.

"அடிப்பாவி" என்றாள் நாத்தனார், மெதுவாக. பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சீக்கிரம் சொல்லிடு. அவரு வேற மாதிரி ஆளு. ஒண்ணை மண்டையில ஏத்திக்கிட்டா இறக்கமாட்டாரு."

சொல்லத்தான் நினைத்தாள். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். இதற்கிடையில் அவர் பேச்சும் மாறிக்கொண்டு வந்தது. சிரிப்புக் குறைந்தது. "காரை எடுக்காத. பஸ்ல போ" என்றார் ஒருநாள். "எல்லாம் புதுசு போட்டும் சத்தம் வருதுன்னா, கீழ்க் கை வந்து மாட்டுற இடத்துல சட்டமே துரு ஏறி விரிஞ்சிருக்கும். ஓடும்போது பிச்சுக்கிச்சுன்னா சக்கரம் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம்." சரி என்றாள். ஆனால் எடுக்கவில்லை என்றால் சத்தத்துக்கு எங்கே போவது? மெதுவாத்தான் ஓட்டறேன் என்று மறுபடியும் ஒரு சத்தத்தைச் சொன்னாள்.

பிறகு திடீரென்று ஒருநாள், "இறங்கிட்டேன். வந்துகிட்டிருக்கேன்" என்று செய்தி வந்தது. வரவேண்டிய காலத்துக்கு வெகு முன்பே.

அவளுக்குக் கை கால் ஓடவில்லை. வீட்டைப் பெருக்கினாள், பெருக்கின இடத்தையே மறுபடியும் பெருக்கினாள். சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. ஒரு கட்டத்தில் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் போனாள். லிங்க் நட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் சத்தம் வரும், பொய் மெய்யாகிவிடும். நட்டில் ஸ்பேனரை வைத்தும்விட்டாள். அவர் ஓட்டப்போகிற வண்டி என்று நினைத்ததும் கை வரவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் படுத்திருந்துவிட்டு வெளியே வந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் அவர் இறங்கினபோது முகம் கறுத்து, இளைத்திருந்தது. அவளை ஏற இறங்கப் பார்த்தார். தோளைத் தொட்டார். பிறகு நேராக அவள் ஓட்டி வந்திருந்த காரைச் சுற்றிக்கொண்டு போய் இடது பின் சக்கரத்தின் மேல் கையை வைத்தார். "சாவியைக் கொடு. முதல்ல அந்தப் பட்டைகிட்டப் போலாம்."

"வீட்டுக்குப் போயி கொஞ்சம் படுத்துட்டு..."

"இல்ல, இன்னிக்கே."

வழியெல்லாம் தலையைச் சாய்த்துக் காதைத் தீட்டிக்கொண்டே ஓட்டினார். பள்ளங்களில் வேண்டுமென்றே விட்டார். ஒன்றும் வரவில்லை. "இது அப்படித்தான், ஆளைப் பார்த்தா அடங்கிடும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒவ்வொரு திருப்பத்திலும், இந்தத் திருப்பம் தாண்டியதும் சொல்லிவிடலாம் என்று அவள் நினைத்தாள். அதற்குள் பட்டறை வந்துவிட்டது.

"வாங்க, வாங்க!" என்று பட்டை இரண்டு கையையும் விரித்தார்.

"என்னத்த வாங்க? ஒரு சத்தத்தை இத்தனை நாளாக் கண்டுபிடிக்கத் தெரியல, நீங்கெல்லாம் ஒரு மெக்கானிக்கா? எம் பொண்டாட்டி உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓட்டிக்கிட்டிருக்கா!"

பட்டை அவரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "எந்தச் சத்தம்? அதுதான் எப்பவோ போயிடுச்சே. தங்கச்சியே கையால புஷ் மாட்டி, முறுக்கி, ஓட்டிப் பார்த்து, வந்து எனக்கு இனிப்பு வேற வாங்கிக் குடுத்துச்சே!"

பட்டறையில் ஓடிக்கொண்டிருந்த காற்றடிக்கும் மெஷின் கூட அந்த நேரம் பார்த்துத்தானா நிற்கவேண்டும்? கப்பல்காரர் மெல்ல அவள் பக்கம் திரும்பினார்.

"ஆமாங்க" என்றாள்.

"எம் பேரைக் கெடுத்துட்டியேம்மா" என்றார் பட்டை, பரிதாபமாக. கப்பல்காரர் அவரிடம், "மன்னிச்சுக்குங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்க் காரில் உட்கார்ந்தார்.

வீட்டில் பையைக்கூடப் பிரிக்காமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு அவர் சொன்னார். "சீஃப் எஞ்சினியருக்கு உடம்பு முடியாம பாதியில இறக்கிவிட்டுட்டாங்க. என்னை அந்த இடத்துல பார்க்கச் சொன்னாங்க. இத்தனை வருஷமா நான் காத்துக்கிட்டிருந்த இடம். வேணாம், என்னை இறக்கிவிடுங்கன்னு சொல்லிட்டு வந்தேன். நீ போன் எடுக்கக் கொஞ்சம் லேட்டானா, சக்கரம் பிச்சுக்கிட்டுப் போயி நீ எங்கேயோ ரோட்டோரத்துல கிடக்கிற மாதிரியே தெரியும் எனக்கு. எஞ்சின் சத்தத்துல கூட அந்த டொக்குதான் கேக்கும்."

அவள் இதை நினைத்தே பார்த்ததில்லை. தனக்கு அது ஒரு சாக்கு. அவருக்கு அது ஆபத்து. உட்கார்ந்த இடத்திலேயே அழுதாள்.

"மனசு கேக்கல, வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "வந்திருக்க மாட்டேன்" என்றார். எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

சில நாள் வீட்டில் இரண்டு பேரும் வாடகைக்கு வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். அவர் காரைத் தொடவில்லை. அவள் வேலைக்குப் பஸ்ஸில் போனாள். நாத்தனார் வந்து வாசலோடு நின்று, மூத்தாளைப் பற்றி விசாரிக்காமலே திரும்பிப் போனாள்.

ஒருநாள் மத்தியானம் அவள் ஒரு கீழ்த்தாடைக்குப் பல் அடுக்கிக்கொண்டிருந்தபோது அறை வாசலில் நிழல் தட்டிற்று. கப்பல்காரர் நின்றுகொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் அந்த அறைக்குள் வந்ததே இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அலமாரியில் இருந்த வாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இது யாரோடது?"

"ஒரு ரிட்டயர்டு கண்டக்டர். இது போட்டாத்தான் சரியா விசில் அடிக்க முடியும்னு ஒரே சண்டை."

அவர் சிரித்துவிட்டார். அப்புறம் அது எப்படிச் செய்வது, இது எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மெழுகு, மாவு, கடி சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற நீலக் காகிதம் எல்லாவற்றையும் அவள் சொன்னாள். வேலை கெட்டது. டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

"எனக்கும் உன்கூட பேச வேற விஷயமே தெரியலம்மா" என்றார் அவர் கடைசியில், ஒரு மாவுத் தாடையைக் கையில் உருட்டியபடி. "சத்தம்னு நீ ஆரம்பிச்சதும்தான் எனக்கும் வாய் வந்துச்சு. சாயங்காலம் ஆனா போதும், எப்படா லைன் கிடைக்கும்னு இருக்கும். கோபம்தான் எனக்கு. இல்லன்னு சொல்லல. ஆனா அந்த மாசமெல்லாம் நல்லா இருந்துச்சு."

அவள் கையில் இருந்த பல்லை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேசையில் வைத்தாள்.

சீஃப் வேலைக்கு வேறொருவரைப் போட்டாகிவிட்டது. லீவு முடிந்ததும் அவர் பழைய இடத்துக்கே, வேறொரு கப்பலுக்குக் கிளம்பினார். கரையில் கப்பல் பழுதுபார்க்கிற யார்டு ஒன்றில் கேட்டு வைத்திருந்தார். பார்க்கலாம் என்றார்கள். அந்தப் பார்க்கலாம் எத்தனை வருஷத்துப் பார்க்கலாமோ தெரியாது. பஸ் ஸ்டாண்டில் அவர் ஏறி உட்கார்ந்த பிறகும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்டக்டர் விலகச் சொன்னபோதுதான் விட்டாள்.

முதல் போன் வர நாளாயிற்று. வந்தபோது அவள் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் கப்பலைப் பற்றி, புதுச் சீஃப்பைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார்.

"ஒரு நிமிஷம் இருங்க" என்றாள். தோளில் ஈரம் போகாத சட்டை ஒன்று கிடந்தது, அவருடையது. "எனக்கு உங்களைப் பார்க்கணும் போல இருக்கு. வேற ஒண்ணும் இல்ல. வரச் சொல்லல. சும்மா, சொல்றேன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். இல்லை, ஓடிக்கொண்டிருந்தது.

"இருக்கேன்" என்றார் அவர். தொண்டையைச் செருமிக்கொண்டார். "எனக்கும்தான். இங்க பக்கத்துல ஆளுங்க இருக்காங்க, அதான்..."

"இருக்கட்டும். நீங்க சொல்லவேணாம். கேட்டுக்கிட்டிருந்தா போதும்" என்று அவள் மாடிச் சுவரில் சாய்ந்துகொண்டு பேச ஆரம்பித்தாள்.